கியர் நிலையறியும் சுவிட்ச்: ஒரு சிறு உறுப்பும் அதன் பழுதறிந்த வரலாறும்

தானியங்கிக் கியர்பாக்ஸ் பொருத்திய காரில், ஓட்டுநர் கியர் லீவரை எந்த நிலையில் வைத்திருக்கிறார் என்பதை மின்சுற்றுக்குத் தெரிவிக்க ஒரு சிறு உறுப்பு உண்டு. அமெரிக்கப் பட்டறைகளில் நியூட்ரல் சேஃப்டி சுவிட்ச் என்றும், பிரிட்டிஷ், ஜப்பானியக் கையேடுகளில் இன்ஹிபிட்டர் சுவிட்ச் என்றும் அறியப்பட்ட இவ்வுறுப்பு, காருக்குள் கணினி புகுந்தபின் கியர் நிலை உணரி என்று பெயர் மாறியது. கியர்பாக்ஸின் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை மிகச் சொற்பம். ஆயினும் இது தவறாகச் சொன்னால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, அல்லது ஒரே கியரில் முடங்கிக் கிடக்கும், அல்லது கியர்பாக்ஸே உடைந்துவிட்டது போல உதறி உதறி மாறும். ஆகவே இதன் பழுதைச் சரியாக இனங்காண்பது மெக்கானிக்கின் நேர்மையையும் அறிவையும் ஒருங்கே சோதிக்கும் வேலையாக இருந்துவந்துள்ளது. இவ்வுறுப்பின் ஒவ்வொரு தலைமுறையும் தனக்குரிய சோதனைக் கருவி ஒன்றைக் கோரியது என்பதும், முந்தைய தலைமுறைக்கு ஏற்ற கருவியைக் கொண்டு அடுத்த தலைமுறையின் பழுதைத் தேடியவர்கள் ஏமாந்தார்கள் என்பதும் இந்த வரலாற்றின் சாரம்.

சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டின் கேடிலாக் கார்களில் பொருத்தப்பட்டபோது, எஞ்சினைக் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்பும் ஆபத்தான வேலை முடிவுக்கு வரத் தொடங்கியது. கைப்பிடி திருப்பி அடித்துக் கை முறிந்தவர்கள் அக்காலத்தில் ஏராளம். ஆனால் ஸ்டார்ட்டர் ஒரு புதிய ஆபத்தையும் உடன் கொண்டுவந்தது. வண்டி கியரில் இருக்கும்போதே எஞ்சின் கிளம்பினால் வண்டியும் சேர்ந்து கிளம்பிவிடும். கையால் கியர் மாற்றும் வண்டிகளில் இது பெருஞ்சிக்கலாகவில்லை. லீவரை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்து நியூட்ரலைக் கையால் உணர முடிந்தது, கிளட்ச் மிதி காலடியில் இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் ஓல்ட்ஸ்மொபைல் கார்களின் 1940ஆம் ஆண்டு மாதிரியில் ஹைட்ரா-மேட்டிக் என்ற தானியங்கிக் கியர்பாக்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது நிலைமை மாறிற்று. அதில் எஞ்சினுக்கும் கியர்களுக்கும் இடையே கிளட்ச் மிதி இல்லை. எண்ணெய்க்குள் எதிரெதிராக நின்று சுழலும் இரு இறகுச் சக்கரங்களால் ஆன திரவ இணைப்பே விசையைக் கடத்தியது. லீவர் ஓட்ட நிலையில் இருக்கையில் எஞ்சினைக் கிளப்பினால் வண்டி தானாகவே நகரும். எனவே லீவர் பார்க்கிலோ நியூட்ரலிலோ இல்லாதபோது ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் செல்லாமல் தடுக்கும் ஒரு சுவிட்ச், தானியங்கிக் கார்களில் தவிர்க்க முடியாத உறுப்பாயிற்று.

லீவர் நிலைகளின் வரிசையே நெடுங்காலம் ஒழுங்குபடவில்லை என்பதை இங்குச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சில கார்களில் பார்க், நியூட்ரல், டிரைவ், லோ, ரிவர்ஸ் என்ற வரிசை இருந்தது; அதாவது முன்னோக்கி மெதுவாகச் செலுத்தும் நிலைக்கு அடுத்ததாகவே பின்னோக்கிச் செலுத்தும் நிலை இருந்தது, இரண்டுக்கும் நடுவே நியூட்ரல் என்ற காப்பு இல்லை. ரால்ஃப் நேடர் 1965இல் வெளியிட்ட கார்ப் பாதுகாப்புக் குறித்த நூலில் இந்த வரிசையைக் கடுமையாகக் கண்டித்தார். அடுத்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் வகுக்கப்பட்ட கூட்டாட்சிப் பாதுகாப்புத் தரவிதிகளுள் 102ஆம் எண்ணுடையது 1968 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முன்னோட்ட நிலைக்கும் பின்னோட்ட நிலைக்கும் நடுவே நியூட்ரல் இருக்க வேண்டும் என்றும், லீவர் ஓட்ட நிலைகளில் இருக்கையில் ஸ்டார்ட்டர் இயங்கக் கூடாது என்றும் அது கட்டளையிட்டது. நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்த ஓர் ஏற்பாடு அன்றோடு சட்டத்தின் கட்டாயமாயிற்று.

அக்காலச் சுவிட்ச் எளிமையானது. பிளாஸ்டிக் உறைக்குள் லீவரோடு சேர்ந்து நகரும் ஒரு செப்புத் தகடும், அது உரசிச் செல்லும் நான்கு முனைகளும் மட்டுமே அதில் இருந்தன. இரு முனைகள் சாவியிலிருந்து ஸ்டார்ட்டர் சோலனாய்டுக்குச் செல்லும் மின்வழியை இணைத்தன. மற்ற இரண்டும் ரிவர்ஸ் விளக்கை எரித்தன. பழுது கண்டறியும் முறையும் அதே அளவு எளிமையாக இருந்தது. சாவியைத் திருப்பியும் ஸ்டார்ட்டரில் சத்தமே எழவில்லையென்றால், மெக்கானிக் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சாவியை ஸ்டார்ட் நிலையிலேயே வைத்தபடி லீவரைப் பார்க்கிலிருந்து நியூட்ரலுக்கு மெல்ல நகர்த்துவார். நடுவில் எங்காவது ஸ்டார்ட்டர் பிடித்துச் சுழன்றால் சுவிட்ச் இடம் விலகியிருக்கிறது என்று பொருள். அப்போது சுவிட்சைப் பிடித்திருக்கும் திருகுகளைத் தளர்த்தி, உறையிலும் நகரும் பகுதியிலும் இருக்கும் சிறு துளைகள் ஒன்றன்மேல் ஒன்று நேராகும் வரை திருப்பி, அவற்றின் வழியே ஒரு மெல்லிய டிரில் பிட்டைச் செருகி நிலைநிறுத்திவிட்டுத் திருகுகளை இறுக்குவது வழக்கம். பிட்டை உருவியபின் எல்லா நிலைகளிலும் ஒருமுறை சோதித்து, டிரைவிலும் ரிவர்ஸிலும் ஸ்டார்ட்டர் இயங்கவில்லை என்று உறுதி செய்தால்தான் வேலை முடிந்ததாகும். சிலர் சுவிட்சையே தவிர்த்து இரு வயர்களையும் நேரடியாக முறுக்கிவிடுவதுண்டு. அவ்வண்டி எந்தக் கியரிலும் ஸ்டார்ட் ஆகும் என்பதால், அதைப் பழுதுபார்ப்பு என்று சொல்லவே இயலாது.

இந்தத் தலைமுறைக்கு ஏற்ற கருவி டெஸ்ட் லைட். ஒரு முனையில் கிளிப்பும் மறுமுனையில் ஊசியும் கொண்ட பல்பு அது. மல்டிமீட்டர் இந்தத் தலைமுறைக்கு முன்பே வந்துவிட்டது. பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளர் டொனால்ட் மெக்காடி வடிவமைத்த ஏவோமீட்டர் 1923இல் சந்தைக்கு வந்து, மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்க வழிசெய்தது. ஆனாலும் கார்ப் பட்டறையில் டெஸ்ட் லைட்டுக்கு ஒரு தனிச் சிறப்பு இருந்தது. பல்பு எரிய வேண்டுமானால் சுற்றில் உண்மையாகவே மின்னோட்டம் பாய வேண்டும். பிற்காலத்து டிஜிட்டல் மீட்டரோ, பத்து மெகாஓம் அளவுக்கு உள்தடை கொண்டிருப்பதால், மின்னோட்டத்தைக் கிட்டத்தட்ட எடுத்துக்கொள்ளாமலேயே மின்னழுத்தத்தைக் காட்டிவிடும். பல இழைகள் கொண்ட வயரில் ஓர் இழை மட்டும் அறுபடாமல் நின்றாலும் அந்த மீட்டர் 12 வோல்ட் என்று காட்டும். ஆனால் அந்த ஓர் இழையால் சோலனாய்டை இழுக்க முடியாது.

களிம்பேறிய முனைகளின் கதையும் இதுவே. சுவிட்சின் முனைகளுக்கிடையே அரை ஓம் தடை கூடியிருப்பதாகக் கொள்வோம். ஓம் அளவில் வைத்த மீட்டருக்கு அது கிட்டத்தட்டச் சுழியாகவே தெரியும். சோலனாய்டு 10 ஆம்பியர் இழுக்கும்போதோ அதே அரை ஓம் 5 வோல்ட்டை விழுங்கிவிடும்; 12 வோல்ட்டில் எஞ்சும் 7 வோல்ட் சோலனாய்டுக்குப் போதாது. ஆகவே தேர்ந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன்கள் சுவிட்சைக் கழற்றித் தடையை அளப்பதை நம்பவில்லை. சுற்று வேலை செய்யும்போதே அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே மீட்டரை வைத்து, அங்கே எத்தனை வோல்ட் தொலைகிறது என்று பார்த்தார்கள். மின்னழுத்த வீழ்ச்சிச் சோதனை எனப்படும் இம்முறை 1827இல் கியோர்க் ஓம் வெளியிட்ட விதியின் நேரடிப் பயன்பாடு. இவ்வரலாற்றில் வந்துபோன கருவிகள் அனைத்தையும் தாண்டி இன்றுவரை நிலைத்திருக்கும் முறை இது ஒன்றே.

1980களில் கியர் மாற்றும் முடிவைக் கணினி எடுக்கத் தொடங்கியது. அதுவரை எஞ்சினைக் கிளப்பலாமா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொன்ன சுவிட்ச், லீவரின் ஒவ்வொரு நிலையையும் கணினிக்கு அறிவிக்க வேண்டியதாயிற்று. ஃபோர்டு நிறுவனம் 1989இல் அறிமுகப்படுத்திய இ4ஓடி கியர்பாக்ஸில் இதற்கு மின்தடைப் படிக்கட்டு என்று சொல்லத்தக்க ஓர் அமைப்பு கையாளப்பட்டது. கணினி 5 வோல்ட் கொடுக்கும். உணரிக்குள் லீவரின் நிலைக்கேற்ப வெவ்வேறு அளவுத் தடைகள் இணையும். பார்க்கில் ஏறத்தாழ 4.4 வோல்ட், ரிவர்ஸில் 3.6, நியூட்ரலில் 2.8, ஓவர்டிரைவில் 2.1 எனக் கீழ்நோக்கிப் படிப்படியாக மின்னழுத்தம் இறங்கும். ஒரே வயரில் எல்லா நிலைகளையும் சொல்லிவிடும் இந்த ஏற்பாடு சிக்கனமானது, அறிவார்ந்தது. ஆனால் பழுதுக்கு அது ஒரு புதிய முகத்தைக் கொடுத்தது. பழைய சுவிட்ச் கெட்டால் வண்டி நின்றுவிடும். புதியதோ, கெட்டால் பொய் சொல்லும். கியர்பாக்ஸின் வெளிப்புறத்தில் சேறும் நீரும் தெறிக்கும் இடத்தில் பொருத்தப்பட்ட இந்த உணரிக்குள் ஈரம் புகுந்து தடை கூடினால், 2.1 வோல்ட் 2.8ஐ நோக்கி ஏறும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டி நியூட்ரலில் இருப்பதாகக் கணினி நினைத்துக்கொள்ளும். நிலை குறித்து ஐயம் எழுந்தால் கிளட்சுகள் வழுக்கித் தேயாமலிருக்க எண்ணெய் அழுத்தத்தை உச்சத்துக்கு உயர்த்துவது கணினிக்கு இடப்பட்ட கட்டளை. அதனால் கியர்கள் அடித்து மாறும். ஓட்டுநருக்கு அது கியர்பாக்ஸ் உடைந்ததாகத்தான் தோன்றும்.

இப்பழுதைத் தேடுவதற்குப் படிகளின் வடிவத்தையே படிக்க வேண்டியிருந்தது. லீவரை ஒவ்வொரு நிலையாக நகர்த்தி மின்னழுத்தத்தைக் குறித்துவரும்போது, ஒரு நிலையில் மட்டும் எண் தடுமாறினால் உணரிக்குள் அந்த இடத்தில் தேய்மானம் இருக்கிறது. எல்லா நிலைகளிலும் எண் சற்றே கூடி, தாழ்ந்த படிகளில் அந்த மிகுதி கூடுதலாகத் தெரிந்தால், குற்றம் உணரியில் இல்லை. அதன் எர்த் வயரில் தடை ஏறியிருக்கிறது. உணரியை எத்தனை முறை மாற்றினாலும் இந்த இரண்டாவது பழுது போகாது. எண்களை வரிசையாக ஒரு தாளில் எழுதிப் பார்க்கும் பொறுமையுள்ளவருக்கோ, ஐந்து நிமிடத்தில் விடை கிடைக்கும். இந்த 5 வோல்ட் சுற்றுகளில் பழைய டெஸ்ட் லைட்டை வைத்தவர்கள் வேறொரு தீங்குக்கும் ஆளானார்கள். பல்பு இழுக்கும் மின்னோட்டம் இத்தகைய சுற்றுகளுக்கு மிகப் பெரிது. அது அளவைக் குலைத்ததோடு சில வேளைகளில் கணினியையே சேதப்படுத்தியது. ஒரு தலைமுறைக்கு மிகச் சிறந்த கருவியாக இருந்தது அடுத்த தலைமுறைக்கு ஊறு செய்வதாயிற்று. முன்பு குறையாகச் சொல்லப்பட்ட டிஜிட்டல் மீட்டரின் பத்து மெகாஓம் உள்தடையே இங்கு அதன் தகுதியாக மாறியது.

அதே 1989இல் கிரைஸ்லர் வெளியிட்ட ஏ604 கியர்பாக்ஸ் முழுமையாக மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கியது. அதில் லீவர் நிலையைச் சொல்ல இரண்டு தனித்தனிச் சுவிட்சுகள் இருந்தன. பிற்காலத்தில் அவற்றின் இடத்தை கியர்பாக்ஸுக்கு உள்ளேயே அமைந்த ஒற்றை உணரி எடுத்துக்கொண்டது. ஏதேனும் முரண்பாடு தெரிந்தால் கணினி தன் சோலனாய்டுகளுக்கான மின்சாரத்தைத் துண்டித்து, வண்டியை இரண்டாம் கியரில் மட்டும் ஓடவிடும். லிம்ப்-இன் எனப்படும் இந்தத் தற்காப்பு நிலை, வண்டியைப் பட்டறை வரையிலாவது கொண்டுசேர்க்கும் நல்ல நோக்கத்தில் அமைந்தது. ஆயினும் கிளட்ச் தேய்ந்தாலும் ஒரு கனெக்டரில் முனை தளர்ந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றாகவே இருந்ததால், கனெக்டரைப் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்கும் பழக்கத்துக்கு அது இடம்கொடுத்தது.

அறிகுறி ஓரிடத்திலும் காரணம் வேறிடத்திலும் இருக்கும் என்பதற்கு அந்த ஆண்டின் பந்தயக் களமும் சான்று தருகிறது. ஜான் பர்னார்டு வடிவமைத்த ஃபெராரி 640 கார், ஸ்டியரிங்குக்குப் பின்னாலுள்ள துடுப்புகளால் கியர் மாற்றும் மின்-திரவ அமைப்போடு 1989 மார்ச்சில் பிரேசில் பந்தயத்தில் இறங்கி, நைஜல் மேன்செல் ஓட்ட, முதல் முயற்சியிலேயே வென்றது. ஆனால் அதற்கு முன் நடந்த சோதனை ஓட்டங்களிலும் பின் வந்த பந்தயங்களிலும் கியர்பாக்ஸ் அடிக்கடி முடங்கியதால் பழி புதிய அமைப்பின்மேல் விழுந்தது. தேடிப் பார்த்தபோது, கிராங்க் தண்டின் அதிர்வால் ஆல்டர்னேட்டர் பெல்ட் கழன்றுபோய், மின்சாரம் குறைந்து, கியர் மாற்றும் கட்டுப்பாடு செயலிழந்திருந்தது தெரியவந்தது. கியர்பாக்ஸ் பழுதென்று பலரும் பேசியது உண்மையில் மின்வழங்கல் பழுது. கியர் நிலை உணரியைச் சோதிக்குமுன் பேட்டரி, ஆல்டர்னேட்டர், எர்த் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும் என்ற பட்டறை விதிக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

தடைப் படிக்கட்டு பொய் சொல்லக்கூடியது என்று கண்ட பொறியாளர்கள், 1990களில் எண்குறி முறைக்கு மாறினார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் உணரியில் ஏ, பி, சி என்ற மூன்று வயர்களோடு பாரிட்டி எனப்படும் சரிபார்ப்பு வயர் ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொன்றும் இணைந்தது அல்லது இணையாதது என்ற இரண்டில் ஒன்றை மட்டுமே சொல்லும். நான்கு வயர்களால் 16 சேர்க்கைகள் உண்டாகும். ஆனால் அவற்றுள் குறிப்பிட்ட சிலவே செல்லுபடியாகும். ஒரு வயர் அறுந்தால் தோன்றும் சேர்க்கை செல்லாததாக இருக்கும்படி நான்காவது வயர் கணக்கிடப்பட்டிருப்பதால், கணினி தவறான கியரை நம்பாமல், ஏதோ கோளாறு என்று அறிந்துகொள்கிறது. தொலைத்தொடர்புத் துறையில் ரிச்சர்ட் ஹாமிங் 1950இல் விரித்துரைத்த பிழையறியும் குறியீடுகளின் எளிய உறவினர் இது. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. லீவர் ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது இரு முனைகள் ஒரே கணத்தில் மாறுவதில்லை. நடுவே ஒரு நொடிப் பகுதிக்குச் செல்லாத சேர்க்கை தோன்றியே தீரும். அதைப் பழுதென்று கொள்ளாதிருக்கக் கணினி சற்றுக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு நேரத்தைவிடக் குறைவாக வந்து மறையும் லூஸ் கான்டாக்ட் கணினியின் கண்ணில் படுவதே இல்லை.

1996ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஓபிடி-2 என்ற தற்சோதனை முறை கட்டாயமானது. பதினாறு முனை சாக்கெட் ஒன்றில் ஸ்கேனரைச் செருகினால் கணினி நினைவில் வைத்திருக்கும் பழுதுக் குறியீட்டைப் படிக்கலாம். கியர் நிலை உணரிக்கு பி0705 முதல் பி0709 வரையிலான எண்கள் ஒதுக்கப்பட்டன: முதலாவது சுற்றில் கோளாறு என்றும், அடுத்தது சமிக்ஞை பொருந்தவில்லை என்றும், பின்வருவன முறையே சமிக்ஞை மிகத் தாழ்வு, மிக உயர்வு, விட்டுவிட்டு வருகிறது என்றும் சொல்கின்றன. இக்குறியீடுகள் சுற்றைப் பெயரிட்டுச் சொல்கின்றனவே அன்றி உறுப்பைச் சொல்வதில்லை. சுற்று என்பதில் உணரி, வயர், கனெக்டர், எர்த், கணினி ஆகிய அனைத்தும் அடங்கும். ஆனால் ஸ்கேனரில் உணரியின் பெயரைப் பார்த்ததும் புது உணரிக்கு ஆர்டர் கொடுப்பது உலகெங்கும் பரவிய பழக்கமாகிவிட்டது. இக்காலத்தின் பெருங்குறை இதுவே என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

மெர்சிடீஸ்-பென்ஸ் 1996இல் வெளியிட்ட 722.6 கியர்பாக்ஸ் இதற்கு நல்ல பாடம். அதில் எண்ணெய் வெப்பநிலை உணரியும், பார்க், நியூட்ரல் நிலைகளை அறியும் ரீட் கான்டாக்ட் எனப்படும் காந்தத்தால் இயங்கும் நுண் சுவிட்சும் ஒரே மின்வழியில் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. லீவர் பார்க்கிலோ நியூட்ரலிலோ இருக்கையில் அந்தச் சுற்று திறந்துவிடும். கணினி அதையே நிலைக்கான அடையாளமாகக் கொள்ளும். இவ்வேற்பாட்டை அறியாதவர் பார்க்கில் வைத்து அளந்தால் வெப்பநிலை உணரி அறுந்துவிட்டதாக முடிவுகட்டுவார். அதே கியர்பாக்ஸில் பக்கவாட்டுக் கனெக்டரின் ரப்பர் வளையம் தளர்ந்தால், எண்ணெய் கசிந்து, வயரின் இழைகளுக்கிடையே நுண்துளை ஈர்ப்பால் மேலேறிக் கணினிப் பெட்டி வரை போய்ச் சேரும். கனெக்டரைக் கழற்றி உள்ளே எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பதே இங்கு முதல் சோதனை. எந்த ஸ்கேனரும் அதைச் சொல்லாது.

இந்திய நடுத்தர வர்க்கத்தின் கார்களுக்கு இவ்வுணரி பரவலாக வந்தது 2014க்குப் பிறகுதான். அவ்வாண்டு மாருதி சுசுகி தன் செலேரியோ காரில் மேக்னெட்டி மரெல்லியின் ஏஎம்டி அமைப்பைக் கொண்டுவந்தது. சாதாரண கையியக்கக் கியர்பாக்ஸையே வைத்துக்கொண்டு, கிளட்சையும் கியர் மாற்றும் தண்டையும் மின்-திரவ விசையால் நகர்த்தும் முறை அது; ஃபெராரியின் பந்தயக் கார்களுக்கு உழைத்த அதே நிறுவனத்தின் தொழில்நுட்பம் மலிவான காருக்கு இறங்கிவந்தது. இதில் உள்ள நிலை உணரிகள் ஓட்டுநரின் விருப்பத்தை மட்டும் சொல்பவை அல்ல. தண்டு உண்மையில் எந்தக் கியரில் நிற்கிறது என்பதைச் சொல்பவை. எனவே கட்டளையும் உண்மை நிலையும் பொருந்தாதபோது, உணரி தவறாகச் சொல்கிறதா, தண்டே நகரவில்லையா என்று பிரித்தறியும் கூடுதல் வேலை மெக்கானிக்குக்கு வந்து சேர்ந்தது.

நம் ஐடிஐகளில் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் பிரிவில் பயிலும் மாணவர்களுக்கு ஸ்கேனரைக் கையில் கொடுக்குமுன், கனெக்டரில் மீட்டர் வைத்து மூன்று அளவுகளை எடுக்கக் கற்பிக்க வேண்டும்: உணரிக்கு வரும் மின்சாரம் சரியா, எர்த் சரியா, சமிக்ஞை லீவரோடு சேர்ந்து மாறுகிறதா. சுற்று இயங்கும்போதே இம்மூன்றையும் அளந்து, கனெக்டரை ஆட்டிப் பார்த்து, எண்களைத் தாளில் குறித்துக்கொண்ட பிறகே உணரியை மாற்றும் பேச்சு எழ வேண்டும். வண்டியின் உரிமையாளரும், உணரியை மாற்ற வேண்டும் என்று பட்டறையில் சொன்னால், அந்த மூன்று அளவுகள் என்னவாக இருந்தன என்று கேட்பது நல்லது.